வியாழக்கிழமை வீடு

கல்லூரியில் என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் ரசாயனம் என்று சொல்லிவைக்கிறேன். உண்மையில் அந்த வருஷங்களில் படித்ததைவிட அடித்ததும் அடிவாங்கியதும்தான் அதிகம். பெங்களூரில் எங்கள் பி.எஸ்ஸி. வகுப்பு பாதி பாடம், பாதி சண்டை. பேராசிரியர் ஜரிகைத் தலைப்பாகையோடு உள்ளே நுழைவதற்குள் காலரியின் மரப்படிகளைக் காலால் உதைத்து உதைத்துப் புழுதி கிளப்பிவிடுவோம். முன்வரிசை இடத்துக்காக ஒருவன் இன்னொருவனின் மூக்கை உடைத்ததும் உண்டு. உடைத்தவன் நான். அவன் பிற்பாடு பெரிய எஞ்சினியரானான், மூக்கு மட்டும் நேராகவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

பசித்தவனுக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும், நான் எப்போதும் பசித்தவன். அப்பா போய்விட்டார். அம்மா ஊரில் தன் தமையன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கல்லூரிச் சம்பளத்துக்குச் சர்க்கார் உபகாரச் சம்பளம் இருந்தது. சாப்பாட்டுக்கு வாரம்தான். ஏழைப் பிராமணப் பையன்களுக்கு அந்த நாளில் இருந்த வழி அது. ஏழு வீடு பிடித்துக்கொள்ள வேண்டும், கிழமைக்கு ஒன்று. அந்தந்தக் கிழமையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டு அந்தந்த வீட்டில் போய் நின்றால் இலை போடுவார்கள். வா என்று கூப்பிடமாட்டார்கள், ஏன் வந்தாய் என்றும் கேட்கமாட்டார்கள். வீட்டு ஆண்களெல்லாம் மாமா, பெண்களெல்லாம் மாமி. திங்கட்கிழமை மாமா, சனிக்கிழமை மாமி என்றுதான் மனசுக்குள் நான் பெயர் வைத்திருந்தேன். ஒரு வீடு நின்றால் அன்றைக்குப் பட்டினி, சமாளித்துவிடலாம். இரண்டு நின்றாலும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படிக்கலாம். மூன்றாவதும் நின்றுவிட்டால் படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களில் பல பேர் அப்படித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

வியாழக்கிழமை வீடு பசவனகுடியில் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எப்போதோ சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். மாமா போலீஸ் இன்ஸ்பெக்டர். எனக்கு அது காதால் கேட்ட சேதிதான். நான் அவரைப் பார்த்ததெல்லாம் வெற்று மார்பும் பூணூலும் பஞ்சகச்சமுமாகச் சாப்பாட்டு வரிசையில். என் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. "பையன் நன்னா சாப்பிடறானா?" என்று மாமியைத்தான் கேட்பார். மாமி என்னிடம் பேசுவாள். "இன்னும் ரெண்டு கரண்டி ஹுளி விட்டுக்கோடா. நீ வெக்கப்பட்டா வயிறு கேக்குமா?" என்று சாதத்தில் குழம்பைக் கவிழ்ப்பாள். ஏழு வீடுகளில் அந்த ஒரு வீட்டில்தான் இரண்டாம் தடவை சாதம் கேட்காமல் விழும். புதன்கிழமையே எனக்கு அந்தக் குழம்பின் வாசனை அடிக்க ஆரம்பித்துவிடும்.

நாற்பத்திரண்டில் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட அந்த ஆகஸ்டில் நாங்கள் கல்லூரி வாசலை மறித்தோம். என் அறைத் தோழன்தான் முன்னால் நின்றான். ஆனேக்கல்காரன், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் தடங்கலில்லாமல் திட்டுவான். எனக்குத் தேசபக்தி இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிடக் கத்துவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை காலை, திங்கட்கிழமை வீட்டுச் சாப்பாடு வயிற்றில் இருக்க, நன்றாகவே கத்தினேன்.

குதிரைப் போலீஸ் வந்தது. யார் முதல் கல்லை எறிந்தார்கள் என்று தெரியாது, இரண்டாவது கல் என் தோழனுடையது. ஒரு குதிரை பின்னங்காலில் எழும்பி ஒரு பையன் மேல் இறங்கியதைப் பார்த்தேன். அவன் கத்தவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சிதறி ஓடினோம். முப்பது நாற்பது பேர் ரசாயனக் கூடத்துக்குள் புகுந்து பெஞ்சுகளைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். உள்ளே இருந்த பேராசிரியர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "கண்ணாடிச் சாமானை மட்டும் தொடாதீங்கப்பா!" என்று கெஞ்சினார். ஊர் எரிகிறபோது அவருக்குத் தன் பியூரெட் கவலை. ஜன்னல் உடைந்து கண்ணாடி அவர் மேலேயே கொட்டியது. தலைப்பாகை கழன்று தரையில் உருள, அதை மிதித்துக்கொண்டு நாங்கள் மூலைக்கு ஓடினோம்.

கதவு பிளந்ததும் என் தோழன் அம்மோனியா பாட்டிலைத் தூக்கி வாசலில் அடித்தான். முதலில் வந்த கான்ஸ்டபிள்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார்கள். இருமல் நின்றதும் வெறி பிடித்தது. "ஹொடீரி! பிடபேடி!" என்று வெளியிலிருந்து ஒரு குரல். அடியுங்கள், விடாதீர்கள். லத்தி முதுகில் விழுந்தால் ஒரு சத்தம், மண்டையில் விழுந்தால் வேறு சத்தம். அந்த அறையில் இரண்டும் கலந்து கேட்டன. ஒருவன் கை கழுவும் தொட்டிக்குள் தலையைக் கொடுத்து ஒளிந்துகொண்டான், அவன் இடுப்பில் அடித்தார்கள். என் தோழனும் சில பேரும் பின் ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார்கள். நான் மேஜைக்கு அடியில் கிடந்தேன். ஒருவன் என் குடுமியைப் பிடித்து வெளியே இழுத்தான்.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் எதிரே நின்றார். காக்கியும் தொப்பியும் பெல்ட்டுமாக இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையை வருஷக்கணக்காக இலைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். மூளை யோசிக்கும் முன்னே வாய் திறந்துவிட்டது.

"மாமா!"

வாரச் சாப்பாட்டுப் பையனின் வாய்க்கு வேறு என்ன வரும்? அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வருஷமாகச் சோறு விழுந்திருக்கிறது. அதைச் சொன்னால் அடியும் நிற்கும் என்று என் முட்டாள் வாய் நினைத்துக்கொண்டது. நிஜமாகவே ஒரு கணம் எல்லாம் நின்றது. கான்ஸ்டபிள்கள் அவரைப் பார்த்தார்கள். மாமாவா, யாருக்கு மாமா? சமஸ்தானத்துக்கு எதிராகக் கல் எறிகிறவர்களில் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பையனும் ஒருவன் என்று சாயங்காலத்துக்குள் மேலே சேதி போய்விடும். இதெல்லாம் நான் பிற்பாடு கணக்குப் போட்டுக்கொண்டது. அப்போது பார்த்ததெல்லாம் அவர் முதல்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததைத்தான்.

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றியாடா?" என்றார். அதை மட்டும் தமிழில் சொன்னார். லத்தி இறங்கியது. தலையைக் காக்க வலது கையைத் தூக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. அதே இடத்தில் இன்னொன்று. பிறகு தோளில். "இவனை வெளியே எறியுங்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போனார். மற்றவர்களை லாரியில் ஏற்றினார்கள், என்னை மட்டும் மதில் ஓரம் எறிந்துவிட்டார்கள். அது தயவா, தொல்லை விட்டால் போதும் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

தப்பித்துப்போன எங்கள் ஆட்கள் மதிலுக்குப் பின்னால் இருந்தார்கள். நான் போலீஸ்காரனை மாமா என்று கூப்பிட்டதை ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டிருந்தார்கள். லாரியில் ஏற்றாமல் என்னை விட்டதையும் பார்த்திருந்தார்கள்.

"இன்ஸ்பெக்டர் உனக்கு மாமாவா? எத்தினி நாளா எங்க பேச்சையெல்லாம் அங்க போய்க் கொட்டிக்கினு இருக்கே?" என்று என் தோழன் விலாவில் உதைத்தான்.

"வாரச் சாப்பாடுடா! வியாழக்கிழமை வீடுடா!" என்று கத்தினேன். வீட்டிலிருந்து பணம் வந்து ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்கு அது என்ன புரியும்? நாலு பேர் சேர்ந்து மிதித்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அன்றைக்கு நன்றாகவே விளங்கியது. இடது கையில் ஒரு கல் அகப்பட்டது. அதைக் கொண்டு ஒருவனுடைய முழங்காலைப் பெயர்த்த பிறகுதான் விட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று பேச்சு. கையைத் தூக்கிக்கொண்டு காட்டன்பேட்டைப் பக்கம் கரடிமனை என்று அங்கே சொல்லும் குஸ்திக்கூடம் வைத்திருந்த பயில்வானிடம் போனேன். எலும்பு வைத்துக் கட்டுவதில் பேர்போனவர். "நக்கோ தம்பி, வேணாம், ஆடாதே" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் குஸ்தி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முட்டையின் வெள்ளையில் உளுத்தமாவைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கினார். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவன் அதைக் கையில் பூசிக்கொண்டு அறைக்கு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் மாமி ஜன்னலைப் பாதி திறந்து, "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்ப்பா, இவருக்குச் சர்க்கார் உத்தியோகம்" என்று சொல்லி மூடினாள். புதன்கிழமை வீட்டில் உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, தட்டியும் கதவு திறக்கவில்லை. இரண்டு வீடு போயிற்று. வியாழக்கிழமையும் போனால் மூன்று.

"அந்த ஊட்டுக்குப் போய் சோறு தின்னேன்னு தெரிஞ்சுது, இன்னொரு கையும் இருக்காது" என்றான் என் தோழன். நான் போனேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது உண்மைதான், ஆனால் பசி மட்டும் இல்லை. அந்த ஆள் என் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சோறு இறக்குகிறான் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது, பிறகு பிசைந்தது. மாமி எனக்கு இலை போட்டாள். சாதத்தோடு குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னடா இது நாத்தம்? கைக்கு என்ன?"

"முட்டை, மாமி. எலும்பு சேரறதுக்குப் பயில்வான் போட்டான்."

"எலும்பு எப்படி ஒடிஞ்சுது?"

மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லத்தான் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தேன். அவர் மோருக்குக் கையைக் குழித்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"மாமாதான் அடிச்சார்."

"காலேஜ்ல ஒரே கலாட்டா. யாரு எவன்னு பாத்துண்டு இருக்க முடியுமா?" என்றார் அவர், இலையைப் பார்த்தபடி.

"மாமான்னு கூப்பிட்டேன், மாமி. என் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் அடிச்சார்."

"பாத்துட்டா?" மாமி அதை மட்டும்தான் கேட்டாள்.

"மோர் கொண்டா" என்றார் அவர்.

"அவன் எந்தக் கையால சாப்பிடுவான்? நீங்களே பிசைஞ்சு போடுங்கோ. ஒடிச்ச கை உங்களோடதுதானே?"

உட்கார்ந்த வாக்கிலேயே அறைந்தார், சாப்பிட்ட கையால். மாமியின் கன்னத்தில் விரல்களும் பருக்கைகளும் ஒன்றாகப் பதிந்தன. அவள் கையிலிருந்த குழம்புப் பாத்திரம் அவள் காலிலேயே கொட்டியது. நான் எழுந்துவிட்டேன், இடது கையில் பித்தளைச் சொம்பு. அவர் மண்டையைப் பிளந்திருப்பேன், சந்தேகமே வேண்டாம்.

"கீழே வை. உக்காரு" என்றாள் மாமி. சத்தமே போடவில்லை. நான் உட்கார்ந்தேன். மாமா இலையை மடக்காமல் எழுந்து கை கழுவப் போனார். கொஞ்ச நேரத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார், பூட்ஸ் சத்தம் தெருவில் இறங்கியது.

மாமா சாப்பிட்ட இலையில்தான் மாமி சாப்பிடுவாள். அந்த நாளில் ஆசாரமான வீடுகளில் அதுதான் பழக்கம், நானே பல வியாழக்கிழமை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த இலையைச் சுருட்டிக் கொல்லையில் எறிந்துவிட்டு வந்தாள். கால் கொப்பளித்து நொண்டினாள். சாதத்தைப் பிசைந்து, எச்சில் படாமல் தூக்கித் தூக்கி என் வாயில் போட்டாள். நான் அழுதுகொண்டே தின்றேன். நன்றியால் இல்லை, அவ்வளவும் ஆத்திரம். எனக்கு முடிந்ததும் தனக்கென்று ஒரு புது இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இனிமே நான் வரலை, மாமி. என்னால உங்களுக்கு..." என்றேன் கிளம்பும்போது.

"வரணும். நீ வராம நின்னுட்டா நான் வாங்கினது வீணாப் போயிடும்டா."

தெருமுனையில் என் தோழன் காத்திருந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கை தப்பியது, உதடு கிழிந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமையும் அடித்தான், அதற்கடுத்ததும் அடித்தான், பிறகு அவனுக்கே அலுத்துவிட்டது. கலகம் அடங்கியதும் மற்ற இரண்டு வீடுகளும் திறந்தன. நான் பட்டம் வாங்கும்வரை ஒரு வியாழக்கிழமையும் விடவில்லை. மாமா அந்த வேளையில் வீட்டில் இருக்கவே மாட்டார். ஒரு தடவை கடும் ஜுரம், தண்ணீர்கூட இறங்கவில்லை. அன்றைக்கும் பசவனகுடிவரை நடந்து போய், மாமி போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.