பள்ளிக்கூடத்தைத் தூக்கிய நாள்

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த ஆண்டு, டிசம்பர் விடுமுறை. மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பழைய பலகைப் பள்ளிக்கூடம் மரக்கால்களின் மேல் நின்றது. தமிழ்ப்பள்ளி. அந்த வருடத்து மழையில் வாய்க்கால் கரையை அரித்துவிட, முன்பக்கத்துக் கால்கள் அந்தரத்தில் தொங்கின. பார்க்க வந்த அதிகாரி, "பள்ளி திறப்பதற்குள் பின்னால் இருக்கும் மேட்டுக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் பிரித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரியில்தான் என் மகள் முதல் வகுப்பில் சேர வேண்டும். வேறு தமிழ்ப்பள்ளி என்றால் பஸ் ஏற வேண்டும். "பொம்பளப் பிள்ளைய பஸ்ல தனியா அனுப்ப முடியாது. வீட்டுலயே இருக்கட்டும்," என்று என் வீட்டுக்காரர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். என்னையும் சின்ன வயதில் இப்படித்தான் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவள் நான்.

அந்த மாதம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன், பள்ளிக்கூடம் நிற்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வந்தால் சோறு குழைந்திருக்கும். அவர் பேச்சு அப்படி இருந்தாலும், பள்ளிக்கூடத்தைத் தூக்க முதல் ஆளாக மூங்கில் வெட்டப் போனவரும் அவர்தான். அந்த மனுஷரை என்ன சொல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கூடினார்கள். எங்கள் ஆட்கள், பக்கத்துக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஆட்கள், அடுத்த தெரு மலாக்கா செட்டிகள். செட்டிகளுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். கம்பத்தில் வீட்டை அப்படியே தூக்கி நகர்த்துகிற வழக்கம் உண்டு. அதேபோல் கூரையைப் பிரித்து, மேசை நாற்காலிகளை வெளியே போட்டு, தரைக்கு அடியில் மூங்கில்களைக் கட்டித் தோள் கொடுத்தார்கள். நம்மவர்கள் "ஐலசா" என்றார்கள், அவர்கள் "சத்து, டுவா" என்று எண்ணினார்கள். ஒரு பக்கம் எழும்பினால் மறுபக்கம் எழும்பவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் நகருமா? எனக்கு வந்த எரிச்சலில் வாய்விட்டே திட்டினேன்.

திட்டி முடிப்பதற்குள் ஒரு மூலை சரிந்தது. அடிவிட்டம் என் வீட்டுக்காரர் பாதத்தின் மேல் இறங்கியது. அவர் முகம் வெளுத்துப்போனது. எல்லாரும் பதறி அவரவர் நேரத்துக்குத் தூக்க, ஒவ்வொரு தடவையும் பாரம் அவர் காலில்தான் இன்னும் அழுந்தியது. பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இவர் பிழைத்தால் போதும் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன்.

மாமரத்தில் பள்ளி மணியாகத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். ஓடிப்போய்ப் பக்கத்தில் கிடந்த இரும்பை எடுத்து ஓங்கி அடித்தேன். அத்தனை கூச்சலும் நின்றது. "மணி அடிச்சா தூக்குங்க, எல்லாரும் சேர்ந்து," என்றேன். பக்கத்தில் நின்ற செட்டி வீட்டுப் பெண், நான் சொன்னதைக் கைச்சாடையிலேயே புரிந்துகொண்டு, "லோச்செங் பூஞி, அங்காட்," என்று மலாயில் உரக்கச் சொன்னாள். அடித்தேன். கட்டடம் ஒரே தூக்காக எழும்பியது. அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

நான் இரும்பைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் ஓடினேன். பாதம் வீங்கிக் கிடந்தது. அவர் என் கையைத் தள்ளிவிட்டு, "இங்க என்ன பாக்குற? போய் மணிய அடி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணாமா?" என்றார்.

அழுதுகொண்டே அடித்தேன். ஓர் அடிக்குத் தூக்கினார்கள், அடுத்த அடிக்கு நகர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடம் மேட்டில் நின்றது.

ஜனவரியில் நொண்டிக்கொண்டே அவர்தான் மகளைக் கூட்டிப்போய் விட்டார். இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தான்; அவள் கை தாளில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அத்தனை பேர் தோளிலும் ஏறிப் போனது வெறும் பலகைக் கட்டடம் இல்லை என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.