தலைக்கனம் இறங்கிய கதை

அந்தக் கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். கெட்டிக்கார ஆள். நாலு கடை ஏறி இறங்கி, "இது தேறாது, தூக்கிப் போடுங்க" என்று கைவிரிக்கப்பட்ட போன் கூட அவர் மேசைக்கு வந்தால் பிழைத்துக்கொள்ளும். கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த இடுக்கில் தாழ்வான ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, முதுகு சாய இடமில்லாத ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளைக் காந்தத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டுக் குனிந்தாரென்றால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார்.

வருஷக்கணக்கில் இப்படிக் குனிந்தே இருந்ததில், நிமிர்வதே பெரும்பாடாகிவிட்டது. பின்கழுத்தில் தொடங்கி வலது தோள்பட்டை வரைக்கும் யாரோ ஒரு கயிற்றை முறுக்கி உள்ளே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கும். பக்கவாட்டில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் கழுத்து திரும்பாது, ஆளேதான் திரும்ப வேண்டும். அண்ணாந்து பார்ப்பது என்ற பழக்கத்தையே அவர் விட்டுவிட்டார்.

அதனால், வந்தவர் முகத்தை அவர் பார்ப்பதில்லை. "என்ன பிரச்சினை?" என்று மேசையைப் பார்த்துக் கேட்பார். "நாளைக்கு வாங்க" என்று திருகாணியிடம் சொல்வார். ஆட்களைக் கையை வைத்துத்தான் அவருக்குத் தெரியும். நகக்கண்ணில் மாவு இருந்தால் ரொட்டிக்கடைக்காரர். கட்டைவிரலில் பழைய தீக்காயம் தெரிந்தால் வெல்டிங் பட்டறைக்காரர். விரலெல்லாம் கறுப்பு மையாக இருந்தால் பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா. கை நீண்டதுமே, "மறுபடியும் சார்ஜ் நிக்கலையா?" என்று சரியாகக் கேட்டுவிடுவார். ஒருவரையும் மறந்ததில்லை.

வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன? "நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தா குறைஞ்சா போயிடுவாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை, ஒரு பெயரையும் வைத்துவிட்டுப் போனார்கள். தலைக்கனம். "தலைக்கனத்துக்கிட்ட குடு. வேலை சுத்தமா இருக்கும், மூஞ்சியைத்தான் காட்ட மாட்டாரு." வீதி முழுக்க அந்தப் பெயர்தான். அது அவர் காதுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

வீட்டிலும் வாய் திறந்து வலிக்கிறது என்று சொல்கிற ஆள் இல்லை. தைலம் தேய்ப்பார், தலையணையை மாற்றுவார், தலையணையே இல்லாமல் படுத்துப் பார்ப்பார். அவர் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். எந்தக் குழந்தை எதை மறைக்கிறது என்று நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். புருஷனையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் காலையில் முகம் கழுவக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, குழாய்க்குள்ள என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

அவள் போகவில்லை. குழாயை மூடினாள், துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டாள், சட்டையை மாட்டிவிட்டாள். "கூட்டம் கூட்டமா பிள்ளைங்களுக்குச் சட்டை போட்டுவிடறேன். ஒண்ணுகூட உங்களை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறதில்ல. கிளம்புங்க!"

பிசியோதெரபி நிலையம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண், சிரித்த முகம், ஆனால் விரலோ இடுக்கி. அவர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பச் சொல்லி அளவு பார்த்தாள். கையைத் தூக்கச் சொன்னாள். தோள்பட்டைத் தசையை இரண்டு விரலால் பிடித்து ஓரிடத்தில் அழுத்தினாள்.

"அம்மாடி!"

"இங்க அழுத்தினா நெத்திப்பொட்டுல தெரியுதா அண்ணா?"

"ஆமாம்மா! உனக்கெப்படித் தெரியும்?"

"தசையில முடிச்சு விழுந்திருக்கு. கெட்டியா, கோலி மாதிரி. இதுக்கு ஊசி வெச்சுப் பார்க்கலாம்."

அவருக்கு ஊசி என்றால் ஆகாது. முகம் வெளுத்தது. "என்ன மருந்தும்மா போடுவே?"

"மருந்தே கிடையாது. வெறும் ஊசிதான். முடி மாதிரி மெல்லிசா இருக்கும். முடிச்சுக்குள்ள போனதும் தசை ஒரு துள்ளு துள்ளும், அப்புறம் மெதுவா இளகும்."

"மருந்தும் இல்லைன்னா எதுக்கும்மா குத்தணும்? சும்மா ஒரு கோபத்துக்கா?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சமத்தா படுங்க. அழாம இருந்தா போகும்போது பலூன் வாங்கித் தரேன்."

முகம் வைப்பதற்கென்று ஓட்டை விட்டிருந்த அந்தக் கட்டிலில் குப்புறப் படுத்தார். ஓட்டை வழியாகத் தரையும், அந்தப் பெண்ணின் செருப்பும் மட்டும் தெரிந்தன. அவள் தோளைப் பஞ்சால் துடைத்தாள். தசையை விரல்களுக்கு நடுவே தூக்கிப் பிடித்தாள். எறும்பு கடித்த அளவுகூட இல்லை, ஊசி உள்ளே போய்விட்டது. அவர் மூச்சு விடுவதற்குள் மேலிருந்து ஒரு குரல் கூவியது.

"அட! இந்தச் சுழி எனக்குத் தெரியுமே! உச்சந்தலையில ரெட்டைச் சுழி! போன வருஷம் என் போனை ரிப்பேர் பண்ணிக் குடுத்தது நீங்கதானே! மூணு தடவை வந்தேன், இந்தச் சுழியைத்தான் பார்த்துப் பேசிட்டுப் போனேன். நீங்கதானே அந்தத் தலைக்கன..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல அண்ணா. அசையாதீங்க, ஊசி இருக்கு."

அவரால் திரும்ப முடியாது. இப்போது ஊசியும் சேர்ந்துகொண்டது. தரையைப் பார்த்தபடியே மனைவியைக் கேட்டார். "என்னவாம்? யாருக்குத் தலைக்கனமாம்?"

"உங்களைத்தான் அப்படிக் கூப்பிடறாங்க. வீதிக்கே தெரியும்."

"உனக்குமா தெரியும்?"

"தெரியும். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தனை கைகளையும் அடையாளம் வைத்திருந்தவர் அவர். ரொட்டிக்கடைக்காரர் கையில் கட்டு இருந்த அன்றைக்கு, போனைத் தானே கொண்டுபோய் அவர் கடைக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தவர். "எனக்கா தலைக்கனம்? தலை கனமா இருக்குன்னுதானே நிமிராம இருந்தேன்!" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

சரியாக அந்த நேரம் பார்த்து ஊசி முடிச்சில் போய் உட்கார்ந்தது. தோள் தசை வலையில் விழுந்த மீன் மாதிரி விலுக்கென்று துள்ளியது. சுளுக்கு மாதிரியும் இருந்தது, யாரோ கிச்சுகிச்சு மூட்டின மாதிரியும் இருந்தது. வருத்தத்தில் இருந்த மனுஷர், தன்னையும் அறியாமல் 'ஹிஹி' என்று சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மனைவிக்குத் தாங்கவில்லை. அவள் சிரித்ததும் இந்தப் பெண்ணாலும் அடக்க முடியவில்லை. "அண்ணா, சிரிக்காதீங்க, ஊசி ஆடுது! நான் வேற சிரிக்கறேன், கை ஆடுது!" இன்னொரு துள்ளல். இன்னொரு 'ஹிஹி'. அடுத்த அறையில் முழங்கால் வலிக்கு வந்திருந்த பெரியவர், என்ன வைத்தியம் நடக்கிறதோ என்று திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் தோள் முழுக்க மூட்டை தூக்கினவன் தோள் மாதிரி வலித்தது. அது சகஜம், வெந்நீர் ஒத்தடம் போதும் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் முன்னமே சொல்லியிருந்தாள். ஊசி மட்டும் பற்றாது என்றும் சொல்லியிருந்தாள். தாடையை உள்ளே இழுத்துச் செய்கிற பயிற்சி, சுவரில் சாய்ந்து கையைத் தூக்குகிற பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மேசை. "அந்த மேசைதான் அண்ணா உங்க எதிரி." அவர் மேசைக்கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி ஒரு கம்பியில் கட்டினார். முதுகு சாய ஒரு நாற்காலி வந்தது. வாரம் ஒருதரம் போய்ப் படுத்துவிட்டு வந்தார். ஒரு மாதம் போல ஆனதும் கயிறு தளர ஆரம்பித்தது.

கடையில் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்த அன்றைக்கு எதிரே நின்றது ஜெராக்ஸ் கடை அக்கா. மை படிந்த விரல்களிலிருந்து பார்வையை மெல்ல மேலே கொண்டுபோனார். வளையல், தோள், அப்புறம் ஒரு வட்ட முகம், மூக்குக் கண்ணாடி.

அக்கா பதறிப்போனாள். "ஏன் இப்படிப் பார்க்கறீங்க? போன் அவ்வளவுதானா? உள்ள இருக்கற போட்டோ எல்லாம் போச்சா?"

"போனுக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க கண்ணாடி போடுவீங்களா?"

"பத்து வருஷமா போடறேன்!"

"நல்லா இருக்குக்கா" என்றார். இத்தனை நாள் தன் கழுத்து இருந்த லட்சணத்தையும் சொன்னார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடேயே வீதி முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அப்புறம் கடையில் தினமும் கூத்துதான். தடித்த விரல்களை வைத்து ரொட்டிக்கடைக்காரரை ஆஜானுபாகுவாக நினைத்து வைத்திருந்தார். பார்த்தால் ஊதினால் பறந்துவிடுவார் போலிருந்தார். வெல்டிங் பட்டறைக்காரருக்குப் பெரிய மீசை இருக்கும் என்று எண்ணியிருந்தார். கன்னத்தில் குழி விழ, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார் அவர். "நீங்களா இது? கையைக் காட்டுங்க, கையைக் காட்டுங்க" என்று தீக்காயத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார். பழுது இல்லாத போனைக் கொண்டுவந்து நீட்டி, முகத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. "தலைக்கனம் அண்ணே" என்று கூப்பிட்டார்கள், அவரும் "என்னப்பா?" என்று கழுத்தைத் திருப்பிக் காட்டினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஊசி மகிமையைச் சொல்லி மருந்துக்கடை மாடிக்கு அனுப்பினார். "அவர் சொன்ன அளவுக்குத் துள்ளலையேம்மா" என்று சிலர் அந்தப் பெண்ணிடம் குறைப்பட்டதாகக் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி எங்கிருந்தோ இரண்டு இறகுப்பந்து மட்டைகளோடு வந்தாள். "கழுத்துக்கு நல்லதாம், கேட்டுட்டேன்" என்று அவரை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பந்தைத் தட்டினாள். அது வெள்ளையாக, நிதானமாக, மேலே மேலே போயிற்று. அவர் அண்ணாந்தார். அவ்வளவு நீல நிறம்! ஒரு விமானம் கோடு போட்டுக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு புறா உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றவர் மூக்கில் பந்து வந்து டொக்கென்று விழுந்தது.

"அடிக்கச் சொன்னா வேடிக்கை பார்க்கறீங்களே! மட்டை எதுக்கு இருக்கு?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டே பந்தை எடுத்து அவள் பக்கம் போட்டார்.

"இன்னொரு தடவை அடி" என்றார். "இன்னும் கொஞ்சம் உசரமா."