இருட்டில் வைத்த பன்றிச் செல்கள்

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தி வேளையில் விளக்குப் போடத் தெரியாது. ஹாலந்தில் பனிக்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னலருகே அந்த இருட்டிலேயே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடிக்கிறார். பார்க்கிற எனக்குத்தான் பதறுகிறது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் ஓர் அறை இருண்டு கிடந்தால் போதும், அடுப்படியிலிருந்தே அம்மாவின் குரல் வரும். "ஏட்டி, மூதேவி வந்து உக்காரதுக்கா இப்படிப் போட்டு வச்சிருக்க? லைட்டப் போடு."

அந்தக் குரலையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

நான் இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பன்றிச் செல்களை வளர்க்கிறேன். ஆமாம், பன்றிதான்! முட்டைகூட நுழையாத சைவ வீட்டில் பிறந்தவள் நான். இங்கே பண்ணைகளில் ஒரு வைரஸ் பரவிப் பன்றிக்குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. வைரஸ் நுழைந்த செல் எப்படிச் சாகிறது என்பதே என் கேள்வி. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜனே செல்லுக்குள் வெறிபிடித்த மூலக்கூறுகளாகப் பெருகி, இரும்பைத் துரு தின்பதுபோல அதைத் தின்கிறது என்பது என் ஊகம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று அதற்குப் பெயர். அந்த மூலக்கூறுகள் இருந்தால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பச்சையைக் காட்டாவிட்டால் இந்த ஆய்வை நிறுத்திவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

சாயமிட்ட தட்டுகளை விளக்கணைத்த அறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெளியே அந்தி இறங்கியது. கை தானாகப் போய் விளக்கைப் போட்டுவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் வைரஸ் உள்ள தட்டும் பச்சை, இல்லாத தட்டும் பச்சை! வெளிச்சம் பட்டாலே அந்தச் சாயம் ஒளிரத் தொடங்கிவிடும். உடன் வேலை பார்க்கும் யான் என்ற டச்சுப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"உனக்கு இருட்டென்றால் பயமா?"

"இல்லை. விளக்குப் போடாவிட்டால் லட்சுமி வரமாட்டாள்."

"லட்சுமி யார்? வெளியாள் வருவதானால் வாசல் காவலரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டுமே" என்றான் கவலையோடு. அழ இருந்தவள் சிரித்துவிட்டேன்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பன்னியா? போயும் போயும்... இங்கன யார்ட்டயும் சொல்லிறாத. சரி, வெளிச்சம் ஆகாதுன்னு தெரிஞ்சும் நீ எதுக்குட்டி லைட்டப் போடுத?"

"நீதானம்மா போடச் சொல்லுவ!"

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அப்பம் உனக்கும் சேத்து நான் இங்கன ஏத்துதேன். நீ அங்கன இருட்டாவே வச்சுக்க. பைய செய்யி."

வெள்ளிக்கிழமை ஜன்னலைக் கறுப்புத்துணியால் மூடினேன். கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். நேரம் வந்ததும் பார்த்தேன். வைரஸ் இல்லாத தட்டு கறுப்பு. வைரஸ் உள்ள தட்டு, அடேயப்பா, நட்ட நாற்று வேர்பிடித்த வயல்போல ஒரே பச்சை! வைரஸோடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்தும் கலந்த மூன்றாவது தட்டில் பச்சை மங்கியிருந்தது. செல்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. நான் போட்ட கூச்சலில் யான் ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்துவந்தான். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "தொடர்ந்து செய்" என்றார்.

அவர்கள் போனபின் கடிகாரத்தைப் பார்த்தேன். இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே விளக்கு வைக்கும் நேரம். அம்மா இந்நேரம் எனக்கான இரண்டாவது விளக்கையும் ஏற்றியிருப்பாள். துணியை விலக்காமல், அந்த இருட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.