அபாயாவுக்குள் மூன்று கோடுகள்

எங்கள் கம்பனியின் யூனிபோம் விதிகளை எழுதியவர் பெண்பிள்ளை வளர்த்த மனிதராகத்தான் இருக்க வேண்டும். நகத்தின் நீளம், சப்பாத்தின் குதி, கைக்கடிகாரத்தின் பட்டி, தலையில் சுற்றும் ஸ்காஃபின் நீலம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வாசனையைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. கடுமையாக இருக்கக் கூடாதாம். அந்த ஒரு வரியை மீறுவதற்கென்றே எனக்கு ஓர் உம்மா வாய்த்தார்.

கற்பிட்டியில் எங்கள் வீட்டில் பெருநாள் உடுப்பையும் கலியாண உடுப்பையும் சாம்பிராணிப் புகை பிடித்துத்தான் உடுத்துவோம். சட்டியில் தணல், அதன்மேல் கவிழ்த்த கூடை, கூடைமேல் உடுப்பு. நான் துணை விமானியான நாளிலிருந்து என் வெள்ளைச் சட்டையும் அந்தக் கூடையில் ஏறியது. அயன் பண்ணும்போது உம்மா ஒவ்வொரு பொத்தானுக்கும் ஏதோ ஓதி ஊதுவார். ஒரு நாள் விமானி அறையில் ஏறி உட்கார்ந்ததும் கெப்டன் மூக்கைச் சுளித்தார். எங்கேயோ வயர் எரிகிறது என்று அங்குமிங்கும் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது.

“சேர், அது வயர் இல்ல. எங்கட உம்மா,” என்றேன்.

அதன்பிறகு எனக்கு அவர் வைத்த பெயர் சாம்பிராணி. அது சிரிக்கிற கதை. அபாயாவின் கதைக்கு எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

உம்மாவின் சட்டம் இதுதான்: அந்த யூனிபோம் ஊர்க் கண்ணில் படக் கூடாது. அதனால் சட்டை, நீளக் களிசான், டை, தோளில் மூன்று தங்கக் கோடு எல்லாவற்றுக்கும் மேலே கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அபாயா. மேல்கோட்டு ஒரு பையில், தொப்பி இன்னொரு பையில். களவெடுத்த சாமானைக் கடத்துகிறவள்போல வீட்டிலிருந்து இறங்கி, பாலாவி, சிலாபம் எல்லாம் தாண்டி, எயார்போட்டின் கார் நிறுத்துமிடத்தில் அபாயாவைக் கழற்றி மடித்து வைப்பேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி உடுப்பேன்.

நான் படித்ததெல்லாம் வெளியூரில். ஊரில் யாருக்கும் என் வேலை சரியாகத் தெரியாது. ஒரு நாள் முன்வீட்டுச் சாச்சி வந்து, “மகள் எயார்போட்ல என்ன வேல பாக்குறா?” என்று கேட்டார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏதோ கம்பியூட்டர் வேல,” என்றார் உம்மா.

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை கோபம் ஏறியது. சாச்சி படியிறங்கும்வரைதான் பொறுத்தேன்.

“கம்பியூட்டர் வேலயா? நான் என்ன, களவா எடுக்கிறேன்?”

“சத்தம் போடாத மகள். ஊர்க்கண் பொல்லாதது. கண்ணூறு பட்டிரும்.”

“கண்ணூறும் மண்ணூறும்! களிசான் போடுற மகளப் பாத்து வெக்கம் எண்டு நேரா சொல்லுங்க உம்மா.”

உம்மா தணலில் இன்னொரு துண்டு சாம்பிராணியைப் போட்டார். அதை நான் ஓம் என்றே எடுத்துக்கொண்டேன். பெற்றவளுக்கே என்னைப் பார்த்து வெட்கம் என்றால் தங்கக் கோடு எதற்கு? பல இரவுகள் அழுதிருக்கிறேன். விமானி அழக் கூடாது என்று எங்கள் விதிகளில் இல்லை.

வாப்பா இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்றும் நினைப்பேன். எனக்கு நினைவு தெரியுமுன்னே கடலோடு போனவர். புதுப் படகு வாங்கிய கையோடு அதில் போனவர் திரும்பவில்லை என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உம்மா அந்தக் கதையை எடுக்கவே மாட்டார்.

பிறகு ஒரு வருஷம் ஊர்ப் பெண்கள் சிலர் கூட்டாக மக்காவுக்கு உம்றா செய்யப் புறப்பட்டார்கள். உம்மாவும் சாச்சியும் அதில் இருந்தார்கள். ஜித்தாவுக்கு அவர்கள் போகும் விமானத்தையே எனக்குத் தரும்படி கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். வீட்டில் சொன்னபோது உம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

“அவங்களுக்கு முன்னால என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத மகள்.”

“சரி. நீங்க யாரோ, நான் யாரோ,” என்றேன். வாய்தான் சொன்னது. நெஞ்சு எரிந்தது.

பறக்கும்போது வானிலை அறிவிப்பைத் தமிழிலும் சொல்ல கெப்டன் விட்டார். காற்றையும் வெயிலையும் பற்றிச் சொன்னேன், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பணிப்பெண் ஒருத்தி உள்ளே வந்து, “பின்னால ஒரு உம்மா சாப்பாடே தொடல்ல. ஏறினதிலயிருந்து ஓதிக்கிட்டே இரிக்கிறாங்க,” என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை.

ஜித்தாவில் இறங்கியதும், “போய் வாசல்ல நில்லு சாம்பிராணி,” என்றார் கெப்டன். தொப்பியை மட்டும் வைத்து, வாசலில் நின்றேன். எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஸலாம் சொன்னேன். உம்மா வந்தபோதும் ஊரார் யாருக்கோ சொல்வதுபோல, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்.

உம்மாவுக்குப் பின்னால் வந்த சாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

“யா அல்லாஹ்! இது உங்கட மகளில்லயா?”

நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கு வாக்குத்தான். உம்மா ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே வைத்தபடி நின்றார். பின்னால் வரிசை முட்டியது. அவர் திரும்பி வந்து என் டையைப் பிடித்து நேராக்கினார்.

“ஓம், என்ட மகள்தான். இவதான் நம்மள வானத்தால கொண்டு வந்து எறக்கினவ. பாருங்க, நல்லாப் பாருங்க. மாஷா அல்லாஹ் எண்டு சொல்லிட்டுப் பாருங்க!”

கண்ணூறு படாமலிருக்கச் சொல்லும் அந்த வார்த்தையைச் சாச்சி சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் சொன்னார். விமானத்தின் உள்ளேவரை ஒருவர் மாற்றி ஒருவராக எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். என்னவென்று விளங்காத பணிப்பெண்ணும் சொன்னாள். எனக்குக் கண் மறைத்தது.

உம்மா என் தோளில் இருந்த கோடுகளில் ஓதி ஊதினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி காதோடு சொன்னார்.

“வெக்கமில்ல மகள், ஒரு நாளும் வெக்கமில்ல. வாப்பாட புதுப் படகு வந்த அண்டு ஊரையே கூப்பிட்டு, சோறு குடுத்துக் காட்டினேன். எல்லாரும் வந்து பாத்தாங்க. மாஷா அல்லாஹ் எண்டு ஒராளயும் நான் சொல்ல வைக்கல்ல.”