தண்ணீருக்குள் பிடித்த கை

எங்கள் கலியாண நாளுக்கு மகள் தந்த பரிசு அது. மற்ற வருசங்களில் பூங்கொத்தோடு வந்து நிற்கிறவள், இந்த முறை கைபேசிக்கு ஒரு சீட்டை அனுப்பிவிட்டு உடனே அழைப்பு எடுத்தாள். சைக்கிளில் போய்க்கொண்டே கதைத்தாள். டெனிஷில்தான். அவள் எங்களோடு தமிழில் கதைத்தது பள்ளிக்கூடம் தொடங்கும் வரைக்கும்தான். காற்று அவள் சொன்னதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. தீவு, கடற்கரை, மீன் பார்க்கலாம், வழிகாட்டி ஒருவர் வருவார் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"அடியிலை கண்ணாடி போட்ட வள்ளமாயிருக்கும்," என்றார் என் கணவர். "மேலையிருந்து குனிஞ்சு பாக்கிறது. நல்ல விசயம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பி ரோல்ஸ் பொரித்தேன். அவர் ஸ்திரி போட்ட நீலச் சட்டையும் தோல் சப்பாத்தும் போட்டுக்கொண்டார். எங்கள் வீடு இருக்கிற ஹ்விடோவ்ரேயிலிருந்து காரில் மேற்காலே ஓடி, துறைமுகத்தில் காரை விட்டுவிட்டு ஃபெரியில் ஏறினோம். அந்தத் தீவின் பேரை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு எழுத்தை விழுங்க வேண்டும், எதை என்பதுதான் பிரச்சினை.

இறங்குதுறையில் வழிகாட்டி காத்துக்கொண்டு நின்றாள். மகளின் வயதுதான் இருக்கும், வெயிலில் வெளுத்துப்போன கட்டைத் தலைமயிர். பக்கத்தில் ஒரு இழுவை வண்டி நிறையக் கறுப்பு ரப்பர் உடுப்புகள். எங்களோடு ஃபெரியில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அளவு சொல்லி வாங்கினார்கள். என் முறை வந்ததும் அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு அவருடைய தோல் சப்பாத்தைப் பார்த்தாள். "நீங்கள் எம் அளவா, எல் அளவா?" என்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றேன், "தண்ணிக்குள்ள இறங்கவாம்."

"ஆர்?"

"நாங்கள்தான்."

"மகள் அப்பிடிச் சொல்லேல்லையே."

"சொல்லியிருப்பாள். எங்களுக்குத்தான் கேக்கேல்லை."

நாங்கள் இரண்டு பேரும் சீட்டைத் திறந்து முதல் தடவையாக முழுவதும் வாசித்தோம். ஸ்னோர்க்கல் என்று பெரிய எழுத்தில் தலைப்பிலேயே இருந்தது, வாயில் குழாயோடு குப்புற மிதந்து மீன் பார்ப்பதுதான் அது. அந்தச் சொல்லை நான் படகு நிறுவனத்தின் பேர் என்று நினைத்திருந்தேன்.

திரும்பிப் போக முடியாது, ஃபெரி பின்னேரம்தான். நெஞ்சளவுத் தண்ணீர்தான், ரப்பர் உடுப்பு உங்களைத் தானாகவே மிதக்க வைக்கும் என்றாள் வழிகாட்டி. அவருக்கு நீந்தத் தெரியும். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தோழிகளோடு எங்கள் கொமூன, அதாவது நகரசபை, நடத்திய பெண்கள் நீச்சல் வகுப்புக்குப் போய் ஏதோ கொஞ்சம் பழகியிருந்தேன். "மகள் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?" என்றார் அவர். அத்தோடு முடிவாகிவிட்டது.

உடுப்பு மாற்றுகிற கொட்டிலில் நான் அதை முன்பக்கம் பின்பக்கமாகப் போட்டுவிட்டேன். சிப் முதுகில் வரவேண்டுமாம். ஒரு டெனிஷ் பெண் சிரித்துக்கொண்டே என்னை அதிலிருந்து உரித்தெடுத்து மறுபடி உள்ளே தள்ளினாள். பிறகு தலைக்கு ஒரு மூடி, கைக்கு உறை, காலுக்கு உறை, முகத்துக்குக் கண்ணாடி வைத்த முகமூடி, மூச்சு விட ஒரு குழாய். மூக்குக்கண்ணாடியை முகமூடிக்குள் போட இடமில்லை. கழற்றி என் சப்பாத்துக்குள் பத்திரமாக வைத்தேன். வெளியே வந்து பார்த்தால், மங்கலான மணலில் கறுப்பாக ஒரு பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆண் யார் பெண் யார் என்றே தெரியவில்லை. மீசையை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன்.

அந்த மீசைதான் வழிகாட்டியின் கண்ணிலும் பட்டது. கிட்ட வந்து விரலால் தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் அவர். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்காத மாதிரி கேட்டார்.

"மீசையாலை முகமூடிக்குள்ள தண்ணி வருமாம். சில பேர் மழிச்சுப்போட்டு வாறவையாம்."

"அதுக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லும்."

அவள் ஒரு வாஸ்லின் களிம்பு டப்பாவை நீட்டினாள். அவர் மிகுந்த மரியாதையோடு அதை வாங்கி மீசையில் பூசிக்கொண்டார்.

தண்ணீருக்குள் பேச முடியாது என்பதால் கைச் சைகை பழக்கினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வட்டம் காட்டினால் சுகம். பெருவிரலை மேலே தூக்கினால் நல்லது என்று அர்த்தமில்லை, என்னை மேலே கொண்டுபோ என்று அர்த்தம். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும், ஒவ்வொருவரும் மற்றவருக்கு மாக்கர், அதாவது கூட்டாளி. பழகும் வரைக்கும் கூட்டாளியின் கையை விடக்கூடாது. என் கூட்டாளி பக்கத்தில் நின்று மூக்கைச் சுருக்கிச் சுருக்கி மீசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினோம். கழுத்தடியால் குளிர் உள்ளே புகுந்து முதுகு முழுக்க ஓடியது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் முதலில் கேட்டது என் மூச்சுத்தான். யாரோ பெரிய மனுசர் பக்கத்தில் குறட்டை விடுவது போல இருந்தது. அது நான்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. வழிகாட்டி முன்னால் வந்து என்ன நிலைமை என்று சைகையில் கேட்டாள். நான் நல்லது என்று பெருவிரலைத் தூக்கினேன். உடனே என்னை நிமிர்த்தி நிறுத்திவிட்டாள். திரும்பக் குனிந்தேன். திரும்பக் கேட்டாள். திரும்பவும் என் பெருவிரல்தான் எழும்பியது.

ஒரு மாதிரிச் சமாளித்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மிதக்கத் தொடங்கினேன். கீழே கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தது. திடீரென்று அவருடைய கை உதறிக்கொண்டு போனது. முகமூடியைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தினால் மறுபடி குழாயோடு போராட வேண்டும் என்ற பயத்தில், குனிந்தபடியே பக்கவாட்டில் கையை நீட்டித் துழாவினேன். கை வந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு விளங்கவே இல்லை.

அவர் அவசரக்காரர். கடைக்குப் போனால் நான் காரிலிருந்து இறங்கும்போது அவர் கடைவாசலில் நிற்பார். வெளியிடத்தில் என் கையைப் பிடித்தது பனியில் வழுக்கிய நாட்களில் மட்டும்தான். அன்றைக்குத் தண்ணீருக்குள் அந்தக் கை அவசரப்படவில்லை. நான் நின்றால் நின்றது. என் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் புகுந்து நான் திணறியபோது, மெல்ல இரண்டு தரம் அழுத்தி, நான் ஊதித் தள்ளும் வரைக்கும் காத்திருந்தது. என் முழங்கையைத் தட்டி மணலைக் காட்டியது. எனக்கு மணல் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடி இல்லாத என் கண்ணுக்காக, என்னை மெதுவாகக் கீழே கிட்டக் கொண்டுபோய் மறுபடி காட்டியது. மணலில் இரண்டு கண்கள் முழித்துக்கொண்டிருந்தன. ஒரு தட்டை மீன். விரல் கிட்டப் போனதும் மணலே எழும்பி ஓடியது போல ஓடிவிட்டது.

நான் குழாய்க்குள் சிரித்துத் தண்ணீர் குடித்தேன். அந்தக் கை திரும்பவும் காத்திருந்தது.

இந்த மனுசனுக்கு என்ன நடந்தது என்று யோசித்தேன். சந்தோசமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. இவ்வளவு பொறுமையை இத்தனை வருசமாக எங்கே வைத்திருந்தார்? வாய்க்குள் குழாயை வைத்து அடைத்தால்தான் வருமோ? ஏதாவது நோய் வருத்தத்தை எனக்குச் சொல்லாமல் மறைக்கிறாரோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. வேலையிடத்தில் முதியவர்கள் திடீரென்று மென்மையாகிப் போவதைக் கண்டிருக்கிறேன், அது அநேகமாக நல்ல அறிகுறி இல்லை. கையை இன்னும் இறுக்கினேன். அந்தக் கையும் இறுக்கியது.

ஆழம் குறைந்த இடத்தில் இரண்டு பேரும் எழும்பி நின்றோம். அவர் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிக் குழாயை எடுத்தார். மங்கலாக ஒரு முகம். சிவந்த கன்னம். மேலுதடு வெறுமையாக இருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

"மீசையை எப்ப எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ன சொன்னீர்கள்?" என்றது அந்த முகம், டெனிஷில்.

கையை அப்படியே விட்டேன். அவர் ஓய்வு பெறும் வயதுள்ள, உயரமான ஒரு டெனிஷ்காரர். மச்சானோடு வர இருந்தாராம், மச்சான் கடைசி நேரத்தில் வரவில்லை, தனியாகத்தான் வந்தாராம். அதனால் வழிகாட்டிதான் அவருக்குக் கூட்டாளி. நீங்கள் திடீரென்று என் கையைப் பிடித்தீர்கள், பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன், அதனால்தான் விடவில்லை என்றார். நான் ஏதோ மன்னிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில்தான் மண்டையில் உறைத்தது. அப்படியென்றால் என்னுடைய அவர் எங்கே?

சுற்றிலும் கறுப்பு உருவங்கள் குப்புற மிதந்தன. எனக்கு எல்லாம் பிரேதம் மாதிரித் தெரிந்தது. "என் கணவர்," என்றேன், "என் கணவரைக் காணவில்லை."

"அவருடைய பெயர் என்ன? கூப்பிடுவோம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலுவலகங்களில் கேட்டால் சொல்லியிருக்கிறேன், அது வேறு. அந்த நேரம் வாயில் வந்தது, இங்கே பாருங்கோ என்ற அர்த்தத்தில் நான் வழக்கமாகக் கூப்பிடுவதுதான். "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன்.

டெனிஷ்காரர் அதைப் பேர் என்று நினைத்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் வாயடியில் குவித்து, "இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!" என்று என்னைவிடப் பெரிய சத்தமாகக் கடல் முழுக்கக் கேட்கக் கத்தினார். மிதந்துகொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின.

"என்னப்பா?" என்று கரையிலிருந்து குரல் வந்தது. "நான் இஞ்சதான் நிக்கிறன். ஆர் அது என்னைக் கூப்பிடுறது?"

முகமூடிக்குள் தண்ணீர் வந்து கண் எரிந்ததால் முதல் நிமிடத்திலேயே கரைக்கு ஏறிவிட்டாராம். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் அந்த மனுசரின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைக் கண்டு, நல்லது, ஆளுக்கு ஆள் கூட்டாளி கிடைத்துவிட்டார் என்று விட்டுவிட்டாள். என் கணவர் கரையில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கோப்பி குடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன்.

"உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தது அந்த வழிகாட்டிப் பிள்ளை எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

"இல்லை. அந்த ஐயா."

"ஏன் அவரின்ரை கையைப் பிடிச்சனீர்?"

"நீங்கள் எண்டு நினைச்சுத்தான்."

அவர் கோப்பியைப் பார்த்தார். "கையைப் பிடிச்சா நான் இல்லையெண்டு தெரியாதோ?"

"கையுறை போட்டிருந்ததெல்லோ."

"எண்டாலும்."

கை வேறு மாதிரி இருந்தது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேறு மாதிரி இருக்கிறதே என்றுதான் முழு நேரமும் யோசித்தேன். ஆனால் அது வேறு ஆளாக இருக்கும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை எப்படி அவருக்குச் சொல்வது? எனக்கே அது நல்ல விசயமா கெட்ட விசயமா என்று விளங்கவில்லை.

மதியம் புல்வெளியில் எல்லோரும் சாப்பிட இருந்தபோது, அந்த டெனிஷ்காரர் பாணும் சீஸும் கொண்டு எங்களிடம் வந்தார். குளித்துத் தலை சீவி வேறு மனுசராக இருந்தார். என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, நேரே என் கணவரிடம் கையை நீட்டினார்.

"வணக்கம், இஞ்சாருங்கோ," என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரோல்ஸ் பெட்டியைத் திறப்பதில் கவனமாக இருந்தேன். பிறகு அவரும் கையை நீட்டிக் குலுக்கினார். தன் பேரைச் சொல்லித் திருத்தவில்லை. "இருங்கோ, இதைச் சாப்பிட்டுப் பாருங்கோ," என்று டெனிஷில் சொல்லி ஒரு ரோலை எடுத்துக் கொடுத்தார். உறைப்பில் அந்த மனுசருக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. அப்படியும் இரண்டாவதை வாங்கினார். மழை பெய்யுமா, ஃபெரி நேரத்துக்கு வருமா என்று இரண்டு ஆண்களும் நெடுநேரம் கதைத்தார்கள். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பின்னேரம் ஃபெரியில் என் கணவர் நித்திரை கொண்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மகள் "எப்படி இருந்தது?" என்று செய்தி அனுப்பியிருந்தாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மீன் படம் மட்டும் அனுப்பினேன்.

துறைமுகத்தில் காரில் ஏறினோம். அவர் வானொலி போடவில்லை. கோபம் என்று நினைத்தேன். பெருவீதிக்கு ஏறிய பிறகு கேட்டார்.

"தண்ணிக்குள்ள என்ன இருந்தது?"

"புல்லு. சின்ன நண்டு. கண்ணாடி மாதிரி ஜெல்லிமீன்."

"வேறை?"

"ஒரு தட்டை மீன். மணலுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு இருந்தது. கண் மட்டும் தெரிஞ்சுது."

"உமக்குக் கண்ணாடி இல்லாமல் எப்பிடித் தெரிஞ்சது?"

"கிட்டக் கொண்டுபோய்க் காட்டினவர்."

"எவ்வளவு கிட்ட?"

நான் கையால் அளவு காட்டினேன். அவர் வீதியிலிருந்து கண்ணை எடுத்து என் கையைப் பார்த்தார். பிறகு அந்த மீன் என்ன நிறம், ஓடும்போது எப்படி ஓடியது, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, ஹ்விடோவ்ரேக்குத் திரும்பும் வழியைத் தாண்டிப் போய்விட்டோம். இரண்டு பேரும் அதைக் கண்டோம். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. நகரத்து வெளிச்சங்கள் கிட்ட வந்துகொண்டிருந்தன.

"சொல்லும்," என்றார். "பிறகு?"