ஓவிலா பார்த்த அலை

கனடாவின் கிழக்கோரத்தில் இருக்கிற எங்கள் மாங்க்டனுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் வண்டி தானாக மேடேறுவதுபோல் கண்ணை ஏமாற்றுகிற குன்றுக்குப் போவார்கள். ஐஸ்கிரீம் தின்பார்கள். அதற்குப் பிறகும் பொழுது மிச்சமிருந்தால் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வருவார்கள். அங்கே பூங்கா ஊழியரின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு லியோனி கோத்ரோ நின்றிருப்பாள்.

நாளுக்கு இரண்டு முறை கடல் பொங்கி ஆற்றுக்குள் ஏறும். அப்போது ஆறு திரும்பி மேல்நோக்கி ஓடும். அந்த ஏற்றத்தின் தலையில் கரைக்குக் கரை ஓர் அலை வரும். இதை ஓத அலை என்று பெரிதாக எழுதி வைத்து, அடுத்தது எப்போது என்று காட்ட ஒரு கடிகாரமும் மாட்டியிருந்தார்கள். காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஆற்றின் குறுக்கே அணைச்சாலை போட்டு மதகை மூடிய நாளிலிருந்து சேறு அடைந்து அடைந்து, அலை கணுக்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.

"இதுக்கா ரெண்டு நாள் வண்டி ஓட்டிட்டு வந்தேன்? எங்க வீட்டுக் குளியல் தொட்டியில இதைவிடப் பெரிசா வரும்" என்றான் டொராண்டோக்காரன் ஒருவன்.

"இன்னிக்கு அதுக்கு உடம்பு சரியில்லைங்க. நாளைக்கு வந்து பாருங்க" என்றாள் லியோனி, சிரிக்காமல்.

போதாக்குறைக்கு அந்த அலை சொன்ன நேரத்துக்கும் வராது. சேற்றில் தவழ்ந்து தவழ்ந்து எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். உள்ளூர்க்காரர்கள் நாங்கள் நிதானமாகக் காபி வாங்கிக்கொண்டுதான் கரைக்குப் போவோம். முன்னதாகப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள்.

லியோனியின் புருஷன் ஓவிலா மட்டும் அந்தப் பூங்காவில் கால் வைத்ததே இல்லை. இளவயதில் அப்பாவோடு இதே ஆற்றில், கடலிலிருந்து ஏறி வரும் ஷாட் மீன் பிடித்தவன். அன்றைக்கெல்லாம் அலை ஆள் உயரம் வரும், அதன் இரைச்சல் கேட்டதும் படகைத் திருப்பி நிறுத்தாவிட்டால் ஆள் காலி என்பான். மதகு மூடியது, மீன் ஏறி வருவது நின்றது, படகு விலைபோனது. ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரும்பைத் தட்டினான். லியோனி பூங்கா வேலையை ஒப்புக்கொண்ட அன்று வீட்டில் பெரிய ரகளை.

"பொணத்துக்குப் பக்கத்துல நின்னு டிக்கெட் கிழிக்கப் போறியா?"

"டிக்கெட்டெல்லாம் கிடையாது. இலவசம்தான்."

"அது இன்னும் கேவலம்."

இந்தச் சொல் அவளுக்கு ஆறவே இல்லை. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் எதைப் பற்றியும் பேசுவார்கள், ஆற்றைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். ஒரே ஒரு தடவை, கிறிஸ்துமஸ் அன்று இரண்டு கோப்பை உள்ளே போன தைரியத்தில் ஓவிலா வாய்விட்டுச் சொன்னான்: "மதகைத் திறக்கட்டும் லியோனி. அன்னிக்கு நானே வந்து உன் பக்கத்துல நிக்கிறேன்." அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்கில் வெளியூர்க்காரர்களின் கேலியையெல்லாம் அவள் சகித்துக்கொண்டது அந்த ஒரு நாளை நினைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதகைத் திறந்தார்கள். பாழாய்ப்போன நேரம் பாருங்கள், அதே வசந்தத்தில் ஓவிலாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. லியோனி அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். முதலில் வீட்டில் வைத்துப் பார்த்தாள், முடியாமல் போனபோது முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். இதற்கிடையில் ஆறு சேற்றை அரித்துக்கொண்டு ஆழமாகிவிட்டது. அலை வளர்ந்தது. பலகையில் ஏறி அதன் மேல் சறுக்குவதற்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஊரே போய்ப் பார்த்தது. லியோனி போகவில்லை. அவனோடுதான் பார்ப்பேன் என்று வைராக்கியமாக இருந்தாள்.

இல்லத்துக்காரர்களிடம் மாதக்கணக்கில் கெஞ்சி, அலை பெரிதாக வரும் செப்டம்பர் பௌர்ணமிக்கு வண்டி கேட்டு வாங்கினாள். ஓவிலா முகம் மழித்து, கழுத்தில் டை கட்டிவிடச் சொல்லி அடம்பிடித்தான்.

"கல்யாணத்துக்கா போறோம்?" என்றாள்.

"ரொம்ப நாளாச்சு அதைப் பாத்து. மரியாதையா போக வேண்டாமா?" பாதி வாயால் குழறித்தான் சொன்னான், ஆனால் கண் பளபளத்தது.

வழியில் காபிக் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓட்டுநர் ஊருக்குப் புதியவன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் ஆயிட்ட மாதிரி இருக்கேம்மா" என்றான்.

"நீ புதுசு. அது எப்பவும் லேட்டாத்தான் வரும். நான் பாக்காததா?" என்று சிரித்தாள் லியோனி. ஓவிலாவும் தலையாட்டிச் சிரித்தான். இரண்டு பேரும் காபி குடித்தார்கள்.

அவள் அறிந்தது செத்த ஆற்றின் நேரம். பிழைத்தெழுந்த ஆறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கரைப் பாதையில் ஏறியபோது கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. கேமராக்களை உறையில் போட்டபடி, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டபடி வந்தார்கள். லியோனி நாற்காலியை இன்னும் வேகமாகத் தள்ளினாள். வேலியருகே போய்ப் பார்த்தாள். ஆறு மேல்நோக்கி விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. கரைச் சேறு வெகு உயரத்துக்கு நனைந்து மினுமினுத்தது. அலை போய்விட்டது.

படகில் வளர்ந்தவனுக்கு அந்த ஈரத்தைப் படிக்கத் தெரியாதா? ஓவிலா கரையைப் பார்த்தான். மேலே மிதந்துபோகும் நுரையைப் பார்த்தான். பிறகு லியோனியின் முகத்தைப் பார்த்தான், அங்கேதான் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. நல்ல கையைத் தூக்கி ஆற்றைக் காட்டினான்.

"வருது பாரு" என்றான். "என்ன உசரம்."

தண்ணீர் தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள் லியோனி.

"நல்லாக் காட்டின, கிழவி."

அன்றைக்கு இரவே அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி ஒரு தடவை போய்ட்டு வரலாமா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு? பாத்தாச்சே" என்றான்.

மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். நாம் பார்க்கவில்லை, நான்தான் தவறவிட்டேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வந்திருப்பான். அவன் ஆசையாகக் கொடுத்ததை முகத்தில் விட்டெறிவதுபோல் ஆகிவிடுமோ என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அலை போய்விட்டது தனக்குத் தெரியும் என்று சொன்னால் அவள் நொறுங்கிவிடுவாள் என்று அவன் மூடிக்கொண்டான். இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்ட வேண்டும்போல எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அக்டோபர் பௌர்ணமி அலை இன்னும் பெரிதாக வந்தது என்றார்கள். அன்று ஓவிலா சளிக்காய்ச்சலில் கிடந்தான். முதல் பனி விழுவதற்குள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் உருளைக்கிழங்கு உருண்டையும் பன்றிக்கறியும் பரிமாறினார்கள். இல்லத்தில் ஓவிலாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் டார்லீன் வந்து லியோனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தினம் காலையில அதே பேச்சுதான், லியோனி. புதுசா யார் வந்தாலும் பிடிச்சு உக்கார வெச்சுச் சொல்லுவார். தண்ணி மூஞ்சில தெறிச்சுதாம். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தாக்கூட போயிருக்கும், என் பொண்டாட்டிக்கு அந்த ஆத்தோட நேரம் அத்துப்படின்னு அவ்வளவு பெருமையாச் சொல்லுவார்."

லியோனி, "எவ்வளவு உசரம்னு சொன்னான்?" என்று கேட்டாள்.

டார்லீன் கையைத் தன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இவ்வளவு. உண்மையாவே அவ்வளவு இருந்துச்சா?"

லியோனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு" என்றாள்.