அமைதியின் அளவு

அலுவலகத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். மூளையின் அலைகளைக் கொண்டு கணினியில் விளையாடும் கருவியைச் செய்கிற சின்ன நிறுவனம். கம்பிகள் தொங்கும் தொப்பியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். மனம் அடங்கினால் பந்து மேலே போகும்.

சோதனைக்கு வந்த மற்ற முப்பது பேருக்கும் பந்து எழும்பி எழும்பி விழுந்தது. அவள் உட்கார்ந்ததும் திரையின் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

"எங்கக்கா தியானம் கத்துக்கிட்டீங்க?" என்றார் இன்ஜினியர்.

அதற்கு முன் பதினொரு வருடம் தொலைபேசியில் குடிநீர்ப் புகார் கேட்டவள் அவள். காலையிலிருந்து மாலைவரை வசவு.

"அங்கதான்," என்றாள்.

அவளை வேலைக்கு எடுத்து, அவளுடைய அலையையே அளவாக வைத்து விளையாட்டை முடித்தார்கள். கடைக்குப் போன கருவிகள் ஒரே மாதத்தில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எந்த வீட்டிலும் பந்து தரையை விட்டு எழவில்லை. ஒரு வீட்டில் தூங்குகிற தாத்தாவுக்கு மாட்டிப் பார்த்தார்களாம். அப்போதும் எழவில்லை.

"இது அமைதியாய்யா?" என்று முதலாளி அவளை வைத்துக்கொண்டே இன்ஜினியரைக் கேட்டார். "இதுக்குப் பேரு வேற."

அடுத்தது கார் விளையாட்டு. கோபமோ அழுகையோ சிரிப்போ, மனம் கலங்கினால் கார் ஓடும். வெள்ளிக்கிழமைக்குள் அவள் அதை ஓட்டிக் காட்டினால் வேலையில் இருக்கலாம். தங்கை வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டில் இவள் சம்பளம் ஒன்றுதான்.

நான்கு நாள் கார் நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளிக்கிழமை இன்ஜினியர் தங்கையை வரவழைத்தார். "ஏதாவது சொல்லிக் கிளப்பி விடுங்க."

தங்கை யோசித்தாள். "உன் பச்சைச் சட்டைய எலி கடிக்கலக்கா. நான்தான் இஸ்திரி போட்டுப் பொசுக்கினேன்."

"தெரியும்."

"உனக்குத் தாலி கட்டின மாமா உடம்ப கொண்டாந்து கூடத்துல போட்டப்பகூட நீ அழல. அடுப்புல பால் பொங்குதுன்னு எழுந்து போனே."

இன்ஜினியர் குனிந்துகொண்டார்.

"பொங்கிச்சுல்ல," என்றாள் அவள்.

கார் அசையவில்லை. தங்கைதான் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். அவள் தொப்பியைக் கழற்றித் தங்கையின் தலையில் வைத்தாள். இன்ஜினியர் கம்பிகளைச் சரிசெய்தார். கார் சீறிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

முதலாளி வந்து மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து தங்கை வரலாம் என்றார். ஐஸ் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நான் மாட்டேன் போ," என்றாள் தங்கை.

"வீட்டுக்கு ஒரு சம்பளம் வரணும்ல. வா."

அலை சரியாகப் பிடிக்க மண்டையில் பசை தடவ வேண்டும். எங்கெங்கே என்று அவள் கைக்குப் பழக்கம். தங்கையின் முடியை வகிர்ந்து பதினாறு இடங்களில் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

"என்மேல கோவமாக்கா?"

அவள் விரல் சற்று நின்றது. உள்ளே தேடிப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "குனி, பின்னாடி ஒண்ணு பாக்கி."